பனிமனிதனும் பூசணிப்பூவும்

டிசம்பர் பிறந்தால் போதும், வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்கென்று இணையத்தில் "குளிர்கால மாதத் திட்டம்" குவிய ஆரம்பித்துவிடும். முதல் நாள் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்ய வேண்டும். இரண்டாம் நாள் காகிதத்தை மடித்து வெட்டிப் பனிப்பூ. மூன்றாம் நாள் கம்பளிக் கையுறையை ஜோடி சேர்ப்பது. நான்காம் நாள் கரடி எப்படிக் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறது என்ற பாடம். அழகான படங்கள், நாள்வாரியாகக் கட்டங்கள், எல்லாம் இலவசம். பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் ஒரு மாத வேலை முடிந்தது.

இதே தாளை அவினாசியிலோ பல்லடத்திலோ ஒரு வீட்டில் ஒட்டினால் என்ன ஆகும்? குழந்தை பனிமனிதனைச் செய்யும், அதில் சந்தேகமில்லை. பஞ்சுக்கு அங்கே பஞ்சமும் இல்லை. ஆனால் பனிமனிதனை ஒட்டிய பஞ்சு எங்கே விளைந்தது, எந்த மில்லில் நூலானது, பக்கத்துத் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் அதை என்ன செய்கிறது என்ற கேள்விகள் அந்தத் தாளில் இருக்காது. குழந்தை பார்த்தே இராத கரடியைப் பற்றி நாலு வரி சொல்லும். வாசலில் கிடக்கும் மார்கழி அதற்குப் பாடமாகவே தெரியாது.

வீட்டுக்கல்வியே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அல்ல. அதைச் செய்கிறவர்கள் திருப்பூரில் செய்தால் எப்படிச் செய்ய வேண்டும் என்பதும், அந்த ஊரில் செய்வதற்கு ஏன் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது என்பதும்தான் விஷயம்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது

2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றி அந்தச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை. பிற்பாடு சான்றிதழ் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து பத்தாம் வகுப்பு எழுதலாம். தமிழ்நாட்டில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் ஏற்பாடும் உண்டு. ஆக, கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் வாசலில் யாரும் நிற்கவில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று பார்க்க ஆளில்லை என்பதுதான் இதன் பொருள்.

வேறு ஊரில் இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம். திருப்பூரில் அப்படி விட முடியாது.

"வீட்டில் இருக்கும் பிள்ளை" என்றால்

பனியன் தொழில் பெருகிய காலத்தில் இந்த ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு ஒரு வேலைப்பெயரே இருந்தது: கைமடி. டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுப்பது. அதற்கடுத்துப் பிசிறு வெட்டுவது, பீஸ் அடுக்குவது. சின்னக் கைக்கு இதெல்லாம் சுலபம் என்று பெரியவர்களே சொல்லிக்கொண்டார்கள். கம்பெனிக்குள் கெடுபிடி வந்த பிறகு வேலை மூட்டையாகக் கட்டப்பட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அம்மா பிசிறு வெட்டுவார், பிள்ளை கூட உட்காரும். பீஸ் ரேட்டில் எத்தனை கை வேலை செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் சில தொழில்களில் மட்டும்தான் தடை விதித்தது. 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லாத் தொழிலிலும் தடை என்றது. நல்லதுதான். ஆனால் அதே திருத்தத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம். குளிர்கால விடுமுறையைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வரியை மறக்கக்கூடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்காவது "பள்ளி நேரம்" என்று ஒரு வேலி உண்டு. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது, விடுமுறை எது?

தமிழ்நாட்டுக்கு இந்த வாதம் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், பின்னால் வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கையால் வேலை செய்து கற்பது நல்லதா கெட்டதா என்பதல்ல அன்றைக்கு நடந்த சண்டை. யாருடைய பிள்ளை எந்தத் தொழிலோடு கட்டப்படும் என்பதுதான். வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெளுப்பது "செய்முறைக் கல்வி", வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் என்றால் அந்தத் தராசு முள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் திருப்பூரில் வீட்டுக்கல்விக்கு மாதத் திட்டம் போடுகிறவர்கள் முதல் வரியாக ஒன்றை எழுதிக்கொள்வது நல்லது. பிள்ளை தொழிலைப் பார்க்கலாம், அளக்கலாம், கேள்வி கேட்கலாம், கணக்குப் போடலாம். பிள்ளை செய்ததில் ஒரு பீஸ் கூட டெலிவரிக்குப் போகக்கூடாது. கற்பதற்கும் உழைப்பதற்கும் நடுவே கோடு எங்கே என்று தத்துவம் பேச வேண்டாம். பில்லில் ஏறினால் வேலை, ஏறாவிட்டால் பாடம்.

சரி, இனி மார்கழிக்கு வருவோம்.

ஏன் ஜனவரி அல்ல, மார்கழி

ஆங்கில மாதத்துக்குத் திட்டம் போட்டால் ஜனவரி 14-இல் பாதியில் பொங்கல் வந்து எல்லாம் கலைந்துவிடும். டிசம்பர் 16-ஐ ஒட்டித் தொடங்கி ஜனவரி 13-ஐ ஒட்டி முடியும் மார்கழி, ஒரு முடிவை நோக்கிப் போகிற மாதம். அரையாண்டு விடுமுறையும் இதற்குள்ளேயே வருவதால் பள்ளிக்குப் போகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கிடைப்பார்கள்.

முதல் பாடம் "பனி" என்ற சொல்லிலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் பனி என்றால் வானிலிருந்து விழும் வெள்ளைப் பொருள். தமிழில் அது புல்நுனியில் காலையில் நிற்கும் துளி. ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தவர்கள் மார்கழியையும் தையையும் முன்பனி என்றார்கள், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றார்கள். ஒரு பிள்ளை விடிகாலையில் எழுந்து வண்டி சீட்டைத் தொட்டுப் பார்த்து, மொட்டை மாடித் தரையைத் தொட்டுப் பார்த்து, சீட்டு மட்டும் ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டால் அன்றைக்கு அறிவியல் வகுப்பு முடிந்தது. பாலிதீன், தகரம், மண், துணி நான்கையும் ராத்திரி வெளியே வைத்து எதில் அதிகம் பனி பிடிக்கிறது என்று பார்க்கலாம். செலவு பூஜ்யம்.

முதல் வாரம்: ஒரு குச்சி

டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் தெற்கே கடைசி எல்லையைத் தொடுகிறது. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலை அளக்க வேண்டும். திருப்பூர் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் அன்றைக்கு நிழல் 69 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஜனவரி 13-இல் அதே குச்சியின் நிழல் 64 சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். ஐந்து சென்டிமீட்டர்தான், ஆனால் அது சூரியன் வடக்கே திரும்பியதற்குப் பிள்ளை தானே எடுத்த சாட்சி.

அளக்கும்போது இன்னொரு வேடிக்கை தெரியும். நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணி அல்ல, டிசம்பர் கடைசியில் 12.20-ஐ ஒட்டியும், ஜனவரி நடுவில் 12.30-ஐ ஒட்டியும் வரும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது, திருப்பூர் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். கடிகாரம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு ஏற்பாடு, சூரியன் அல்ல என்பது பத்து வயதில் புரிந்தால் நல்லதுதானே.

அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்கும். சூரியன் டிசம்பர் 22-லேயே திரும்பிவிட்டால் உத்தராயணம் என்று பொங்கலன்று ஏன் கொண்டாடுகிறோம்? பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுகிறது. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி நகர்கிறது. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்ட பஞ்சாங்க மாதம் பருவத்திலிருந்து அந்த அளவுக்கு விலகிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த இரண்டு நாட்கள் இப்போது மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்கின்றன. மார்கழி ஏன் பெரும்பாலும் 29 நாளோடு முடிகிறது, ஆனி ஏன் நீளுகிறது என்பதும் இதே வகைக் கேள்விதான். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால் வேகமாக ஓடுகிறது, மாதம் சீக்கிரம் முடிகிறது. சூரியன் கிட்டே இருக்கும்போதா குளிர்கிறது என்று பிள்ளை திருப்பிக் கேட்டால், அன்றைக்குப் பெற்றோரும் புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான் :-)

டிசம்பர் 22 இன்னொரு விதத்திலும் முக்கியம். 1887-இல் அதே நாளில் ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில். திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். 2012 முதல் அது தேசியக் கணித நாள். அன்றைக்கு வாசலில் கோலம் போட்டுக் கணக்குப் படிக்கலாம். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் மொத்தம் 25 புள்ளி. அதையே சாய்த்துப் பார்த்தால் நான்குக்கு நான்கு 16, மூன்றுக்கு மூன்று 9. கூட்டினால் அதே 25. ஒன்பது புள்ளிக் கோலத்துக்கும் இது வருமா என்று பிள்ளை போட்டுப் பார்க்கட்டும். இடைப்புள்ளியில் 15 வைத்து இரண்டு பக்கமும் 8 வரை குறைத்தால் 169 புள்ளி வரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970-களில் கோலத்தை வைத்துக் கணினி மொழியியலில் ஆராய்ச்சியே செய்தார்கள். அம்மா போடும் கோலம் கணிதம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லலாம். அம்மாவுக்கும் சொல்லலாம்.

இரண்டாம் வாரம்: ஒரு துண்டுத் துணி

அரையாண்டு விடுமுறை இந்த வாரம். கட்டிங் வேஸ்ட் துணி கைப்பிடி அளவு போதும். பனியன் துணியையும் வேட்டித் துணியையும் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னிய துணி நீளும், நெய்த துணி நீளாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றில் கண்ணி கண்ணியாக, இன்னொன்றில் குறுக்கும் நெடுக்கும். இதற்குமேல் விளக்கமே தேவையில்லை.

அடுத்து ஜி.எஸ்.எம். இந்த ஊரில் படிக்காதவர் வாயிலும் வரும் வார்த்தை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசில் வைத்து, வந்ததை நூறால் பெருக்க வேண்டும். 1.6 கிராம் என்றால் 160 ஜி.எஸ்.எம். கம்பெனியில் இதற்கு வட்டமாக வெட்டும் கட்டர் வைத்திருப்பார்கள். அந்த வட்டமும் 100 சதுர சென்டிமீட்டர்தான். அப்படியானால் அதன் ஆரம் என்ன என்று கேட்டால் 5.64 சென்டிமீட்டர் என்று விடை வரும். பை என்பது பாடப் புத்தகத்திலிருந்து இறங்கிக் கம்பெனி மேஜைக்கு வந்துவிட்டது. பெரிய பிள்ளை என்றால் நூல் கவுண்ட்: ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை என்பதே நம்பர். முப்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 25,200 கஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிவது ஏன் என்று இனி மனப்பாடம் செய்ய வேண்டாம்.

உலக வரைபடத்தையும் இந்த வாரமே விரிக்கலாம். மார்கழிக் குளிரில் திருப்பூரில் தைக்கும் ஏற்றுமதி பனியனில் பெரும்பகுதி ஐரோப்பாவும் அமெரிக்காவும் கோடையில் போட்டுக்கொள்வதற்கானது. கடையில் ஏறும் பருவத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே இங்கே ஆர்டர் ஓடியாக வேண்டும். இணையத்தில் பனிமனிதன் போடுகிற ஊரின் வெயில்காலம் இங்கே மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. வணிகவியல் பாடம் என்று தனியாக எதற்கு?

மூன்றாம் வாரம்: ஒரு குளம், ஒரு ஆறு

ஊத்துக்குளி சாலைப் பக்கம் கூலிபாளையம் அருகே நஞ்சராயன் குளம். 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மார்கழியில் வடக்கிலிருந்து வரும் வாத்துகள் அங்கே இருக்கும். தட்டைவாயன், ஊசிவால் வாத்து போன்றவை. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் பட்டைத்தலை வாத்தும் அங்கே தென்பட்டிருக்கிறது. கரடி தூங்குவதைப் படிப்பதைவிட, குளிருக்குத் தப்பி ஓடிவந்த பறவையைக் கண்ணால் பார்ப்பது மேல். 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும், பிள்ளையின் எண்ணிக்கையும் அறிவியல் தரவாகச் சேரும்.

குளத்தைக் காட்டினால் ஆற்றையும் காட்ட வேண்டும், அது நேர்மை. நொய்யலில் சாயக்கழிவு ஓடியதும், பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் தொட்டியானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் மறைக்க வேண்டிய கதை அல்ல. இதற்கொரு சின்னச் சோதனை உண்டு. தண்ணீரில் கைப்பிடி உப்பும் கொஞ்சம் பீட்ரூட் சாறும் கலந்து, மணலும் அடுப்புக்கரித் தூளும் போட்ட வடிகட்டியில் ஊற்ற வேண்டும். நிறம் குறைந்துவிடும். பார்க்கச் சுத்தமான அந்தத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் தட்டு முழுக்க வெள்ளையாக உப்பு. நிறம் போனால் தண்ணீர் நல்லதாகிவிடாது, உப்பைப் பிரிக்கத்தான் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் எந்திரமும் அத்தனை மின்சாரமும் என்று அந்தத் தட்டு சொல்லிவிடும். சாயக்கழிவு பற்றிய பேச்சில் பாதிப்பேருக்கு இது இன்னும் தெரியாது.

நான்காம் வாரம்: ஒரு கொடி, ஒரு நோம்பி

1932 ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூரில் ஊர்வலத்தில் தடியடி. கொடியைப் பிடித்தபடி விழுந்த குமரன் மறுநாள் 11-இல் இறந்தார். அவருக்கு வயது 27. ஊருக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, ரயில் நிலையத்துக்கு அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், வறுமையால் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோனது. ஆண்டுதோறும் அந்த நினைவுச் சின்னத்தைக் கடந்து போகிற பிள்ளைக்குக் கொடி மட்டும் தெரிந்தால் போதாது. படிப்பு நின்றுபோன சிறுவன் என்பதும் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு பொங்கல். கொங்கு நாட்டில் காப்புக் கட்டு: பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கூரையில், வாசலில், வயலில் செருகுவது. மூன்றையும் வெளியில் போய்த் தேடிப் பறித்து வந்தாலே ஒரு தாவரவியல் வகுப்பு. பட்டிப் பொங்கல், அப்புறம் கும்மியடித்துப் பூப்பறிக்கிற நோம்பி. மார்கழி முழுக்கக் கோலத்து நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப்பூவும் பாடம்தான். ஆண்பூ எது பெண்பூ எது, எதைப் பறித்தால் காய் குறையாது என்று கேட்டுப் பாருங்கள். கிராமத்துப் பாட்டிகள் பெரும்பாலும் ஆண்பூவைத்தான் பறித்திருப்பார்கள்.

இன்னொன்று, லைன் வீட்டுப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். அதே நாளில் பீகார்க்காரர் வீட்டில் எள்ளும் கிச்சடியும், வங்காளத்தார் வீட்டில் அரிசி மாவில் செய்த பிட்டா, ஜார்கண்ட் பக்கத்தார் வீட்டில் டுசு, அசாம்காரர் வீட்டில் மாக் பிஹு. ஒரே அறுவடைக்கு ஒரே காம்பவுண்டில் நாலு பெயர். இந்தியாவைப் பற்றி இதைவிட நல்ல சமூக அறிவியல் பாடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

"ஏனுங்க, நாங்கெல்லாம் அப்படித்தானுங்க வந்தோம்"

இந்தத் திட்டத்தை ஒரு பெரியவரிடம் காட்டினால் உடனே வரும் பதில் இது. "பத்து வயசுல கைமடியாப் போனேன், இன்னைக்கு முப்பது மெஷின் போட்டிருக்கேன். வேலை கத்துக்கிட்டா என்னுங்க தப்பு?" திருப்பூரில் இதைச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கைமடியிலிருந்து முதலாளியானவர் கதை சொல்லக் கிடைக்கிறார். கைமடியிலிருந்து சிங்கர், சிங்கரிலிருந்து ஓவர்லாக், நாற்பது வயதில் முதுகு வலியும் ஒன்றரை ஷிப்டும் என்று போனவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. லாபம் வந்த கணக்கை மட்டும் எழுதி நஷ்டத்தை விட்டுவிட்டு ஐந்தொகை போட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும், அது இன்னும் கூர்மையானது. குச்சி நட, குளம் பார்க்க, கோலத்தில் கணக்குப் போட வீட்டில் ஒரு ஆள் பகல் முழுக்க இருக்க வேண்டுமே? காலை எட்டரைக்கு அம்மாவும் அப்பாவும் கம்பெனி வேனில் ஏறும் வீட்டில் வீட்டுக்கல்வி என்ற பேச்சுக்கே இடம் ஏது? உண்மை. வீட்டுக்கல்வி என்பது ஒரு சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடிகிற வீட்டின் சௌகரியம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எல்லாப் பிள்ளையும் வீட்டிலிருந்த ஒரு மார்கழியை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8-ஆம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. ஒமிக்ரான் வந்து 2022 ஜனவரியில் 9-ஆம் வகுப்பு வரை மறுபடி மூடினார்கள், பிப்ரவரி வரை. அந்த மாதத்தில் சில வீடுகளில் டேப்லெட்டும் பாட்டுக் கிளாசும் ஓடின. சில வீடுகளில் பூட்டு தொங்கியது, பிள்ளை எங்கே போனது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. "வீடு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஊர் இருந்தது.

அப்போது கைகொடுத்ததும் வீட்டுத் திண்ணைதான். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெரிய பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்ல. திண்ணை இருந்தது, நேரம் இருந்தது, மனசு இருந்தது.

அதிலிருந்துதான் பதிலும் வருகிறது. பகல் முழுக்க ஆள் இருக்கும் வீடு, அந்த ஆளைத் தன் ஒரு பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குச்சியின் நிழலை ஒரு பிள்ளை அளந்தாலும் ஆறு பிள்ளை அளந்தாலும் செலவு ஒன்றுதான். ஆறு பேர் அளந்தால் சராசரி எடுக்கக் கற்றுக்கொள்ளலாம், அது உபரி லாபம். நஞ்சராயன் குளத்துக்கு ஒரு காரில் ஒரு பிள்ளையைக் கூட்டிப் போகும் இடத்தில், லைன் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் பெற்றோரிடம் சொல்லிவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். விடுமுறைப் பத்து நாளும் பகலில் ஒரு வீட்டுத் திண்ணை திறந்திருந்தால், அந்தப் பத்து நாளில் மூட்டைப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளில் இரண்டு பேராவது குறைவார்கள்.

இதில் தர்மம் செய்யும் பெருமை எதுவும் வேண்டாம். லாபம் இரண்டு பக்கமும்தான். வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு மிகவும் குறைவது சக பிள்ளைகள். கூட்டாளி இல்லாமல் கும்மியடிக்க முடியாது. டுசு என்றால் என்ன என்று ஜார்கண்ட் சிறுமி சொல்லும்போது கேட்பதுபோல அம்மா கூகுளில் படித்துச் சொன்னால் கேட்காது.

பனிமனிதன் தாளைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. உலகத்தில் பனி பொழியும் ஊர் உண்டு என்று பிள்ளைக்குத் தெரியட்டும். அந்த ஊரில் கோடை வந்ததும் போடப்போகிற சட்டை இப்போது எதிர்த்த கம்பெனியில் தைக்கப்படுகிறது என்பதும் தெரியட்டும். அதைத் தைக்கிறவரின் பிள்ளை மாடியில் வந்து நிழல் அளக்கிறதா, திண்ணையில் பிசிறு வெட்டுகிறதா என்பதை அந்தத் தெருவில் இருக்கிறவர்கள்தான் முடிவு செய்ய முடியும். மார்கழிக்கு நாள் குறைவு, இருபத்தொன்பதுதான். குச்சி ஒன்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.